பிக்கப் ட்ரக் வாங்குமுன்: விளம்பரம் கூறும் எண்ணும் கதவோரச் சீட்டு கூறும் எண்ணும்

கனடாவில் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வீடு திருத்தும் தொழில் செய்துவரும் தமிழர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் புத்தம் புதிய பிக்கப் ட்ரக் ஒன்றை வாங்கினார். நான்கு கதவுகள், தோல் இருக்கைகள், கண்ணாடிக் கூரை என்று எல்லா வசதிகளும் அதில் இருந்தன. 11,000 இறாத்தல் எடையை இழுக்கக்கூடிய வாகனம் என்று விளம்பரம் கூறியது. பணத்தை ஏழு ஆண்டுகளில் தவணை முறையில் செலுத்தலாம் என்பது ஏற்பாடு.

முதல் மாதத்திலேயே அவருக்கு மூன்று விடயங்கள் தெரியவந்தன. எட்டு அடி நீளமான ஒட்டுப்பலகையை ஏற்றினால் பின்கதவை மூட முடியவில்லை. அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் வாகனத்தின் முன்பகுதி கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. வேலையாட்களும் கருவிகளும் ஏறிய பின்னர் ட்ரெய்லரையும் இணைத்தால் வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணில் அடித்தன. வாகனத்தில் குறை எதுவும் இருக்கவில்லை. அவருடைய வேலைக்குப் பொருந்தாத வாகனத்தை அவர் தெரிவு செய்திருந்தார்.

வட அமெரிக்காவில் சுயதொழில் செய்யும் பல குடும்பங்களுக்கு, வீட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் வாங்கும் மிக விலையுயர்ந்த பொருள் பிக்கப் ட்ரக்தான். அந்தத் தெரிவு பிழைத்துப்போனால், தொழிலில் வரும் வருமானத்தின் பெரும்பகுதியை வாகனமே விழுங்கிவிடும். விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த எண்களைப் பார்த்து இந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஒரே வாகனம், பல பெயர்கள்

முன்னால் மூடிய கேபினும் பின்னால் பொருட்களை ஏற்றத் திறந்த பெட்டியும் கொண்ட சிறு சுமை வாகனமே பிக்கப். இலங்கையில் இதனைக் 'கெப்' ரக வாகனம் என்கின்றனர். அவுஸ்திரேலியாவில் 'யூட்' என்பது இதன் பெயர். தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்றும் இலங்கையில் 'பட்டா' என்றும் அழைக்கப்படும் டாட்டா ஏஸ், 2005 ஆம் ஆண்டு அறிமுகமான சிறு லொறியாகும். ஏறத்தாழ முக்கால் தொன் சுமைக்கென வடிவமைக்கப்பட்ட அந்த வாகனம், காய்கறிச் சந்தை முதல் கட்டடத் தளம் வரை எங்கும் காணப்படுகிறது.

வட அமெரிக்கப் பிக்கப்பின் தொடக்கமும் அத்தகையதே. 1925 இல் ஃபோர்ட் நிறுவனம் தனது 'மொடல் டி' காரின் பின்புறத்தில் இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தி 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. விவசாயிகளும் சிறு வியாபாரிகளுமே அதன் வாடிக்கையாளர்கள். இன்று அதே நிறுவனத்தின் எஃப் வரிசை ட்ரக்குகள் குடும்ப வாகனமாகவும், சிலருக்கு அந்தஸ்தின் அடையாளமாகவும் மாறிவிட்டன. அமெரிக்காவில் 1977 முதல் மிக அதிகமாக விற்பனையாகும் ட்ரக் வரிசை இதுவேயாகும்.

கோழி வரியும் ட்ரக்கின் பருமனும்

ஆசியாவிலிருந்து கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ வருபவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊரில் எல்லா வேலைக்கும் போதுமாக இருந்த ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வாகனங்கள் இங்கே ஏன் விற்கப்படுவதில்லை?

இதற்கான விடையின் ஒரு பகுதி 1960களின் வர்த்தகப் போரில் இருக்கிறது. அமெரிக்காவில் இருந்து மலிவான உறைகோழி இறைச்சி மேற்கு ஐரோப்பாவில் குவிந்தபோது, ஐரோப்பிய பொருளாதார சமூகம் அதன் மீது வரியை உயர்த்தியது. பேச்சுவார்த்தைகள் பலனளிக்காத நிலையில், அமெரிக்க அதிபர் லிண்டன் ஜோன்சன் 1963 டிசம்பரில் பதில் வரி விதித்தார். உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்ட்ரின், பிராண்டி ஆகியவற்றுடன் இறக்குமதி செய்யப்படும் சிறு ட்ரக்குகள் மீதும் 25 சதவீத வரி விழுந்தது. காலப்போக்கில் மற்றவை மீதான அந்த வரி நீங்கியது. ட்ரக் மீதான வரி மட்டும் நிலைத்தது. இன்றும் அதனைக் 'கோழி வரி' என்றே அழைக்கின்றனர்.

இந்த வரியைத் தவிர்க்க நிறுவனங்கள் பல உபாயங்களைக் கையாண்டன. ஜப்பானிய நிறுவனங்கள் பின்பெட்டி இல்லாமல் வாகனத்தை இறக்கி, அமெரிக்காவில் வைத்துப் பெட்டியைப் பொருத்தின. 1980 இல் அந்த வழி அடைக்கப்பட்டது. சுபாரு நிறுவனம் தனது சிறு பிக்கப் ஒன்றின் திறந்த பெட்டியில் இரண்டு இருக்கைகளைப் பொருத்தி, அது பயணிகள் கார் என்று வாதிட்டது. இறுதியில், வட அமெரிக்காவுக்குள்ளேயே தயாரிக்கப்படும் ட்ரக்குகள் மட்டும் இந்தச் சந்தையில் நிலைத்தன.

இதனுடன் எரிபொருள் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1975 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் சிறு ட்ரக்குகளுக்குக் கார்களை விடத் தளர்வான எரிபொருள் இலக்குகள் விதிக்கப்பட்டன. பின்னாளில் வாகனத்தின் சில்லுகளுக்கு இடையேயான பரப்பை வைத்து இலக்கு நிர்ணயிக்கும் முறை வந்தது. வாகனம் பெரிதாக இருந்தால் இலக்கு எளிதாகும் என்பதே இதன் நடைமுறை விளைவு. கனடா தனது விதிகளைப் பெரும்பாலும் அமெரிக்காவுடன் இசைவாக வைத்திருப்பதால், அங்கு உருவான சந்தையே இங்கும் நிலவுகிறது.

வாங்குபவர் இந்த வரலாற்றை அறிந்திருப்பதால் பயன் உண்டு. வீதியில் பெரிய ட்ரக்குகள் நிறைந்திருப்பதால் பெரிய ட்ரக்கே எல்லோருக்கும் தேவை என்று கொள்ள முடியாது. சந்தை அவ்வாறு அமைந்ததில் வரிக்கும் சட்டத்துக்கும் பெரும் பங்கு இருக்கிறது.

சுமையிலிருந்து தொடங்குதல்

வாகன விற்பனை நிலையத்துக்குச் செல்வதற்கு முன்னர் ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நல்லது. வாரந்தோறும் ஏற்றும் மிகப் பாரமான சுமை எது? எத்தனை பேர் அதனுடன் பயணம் செய்கின்றனர்? ஆண்டுக்கு ஒரு முறை வரும் சுமையை இதில் சேர்க்கக்கூடாது. அதற்கு வாடகை வாகனம் இருக்கிறது.

பொருட்களின் எடையைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். நான்கடிக்கு எட்டடி அளவுள்ள சாதாரண அரை அங்குல ட்ரைவோல் பலகை ஒன்று ஏறத்தாழ 50 இறாத்தல் இருக்கும். முப்பது பலகைகள் 1,500 இறாத்தல். ஒரு கன யார் சரளைக்கல் 2,500 இறாத்தலைத் தாண்டிவிடும். 2,000 சதுர அடிக் கூரை ஒன்றுக்குத் தேவைப்படும் ஷிங்கிள்ஸ் கட்டுகள் ஏறத்தாழ அறுபது. கட்டொன்று 70 இறாத்தல் என்று வைத்தால் மொத்தம் 4,200 இறாத்தல்.

இனி வாகனத்தின் பக்கம் பார்ப்போம். வட அமெரிக்காவில் முழு அளவு ட்ரக்குகளை அரைத் தொன், முக்கால் தொன், ஒரு தொன் என்று வகைப்படுத்துகின்றனர். எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியவை அரைத் தொன் வகை. 250 அல்லது 2500 என்ற எண் கொண்டவை முக்கால் தொன். 350 அல்லது 3500 என்ற எண் கொண்டவை ஒரு தொன். இவை பழைய பெயர்கள். அரைத் தொன் என்பது ஒரு காலத்தில் 1,000 இறாத்தல் ஏற்றும் வாகனத்தைக் குறித்தது. இன்றைய அரைத் தொன் ட்ரக்குகளில் பல 1,400 முதல் 2,000 இறாத்தல் வரை ஏற்றக்கூடியவை.

'பல' என்ற சொல் இங்கே முக்கியமானது. ஒரே பெயரும் ஒரே ஆண்டும் கொண்ட இரு ட்ரக்குகளின் ஏற்றுதிறன் நூற்றுக்கணக்கான இறாத்தலால் வேறுபடலாம். வாகனமும் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கு ஓர் உச்ச எல்லை உண்டு. நான்கு கதவு, கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கை, நான்கு சில்லுகளும் இயங்கும் வசதி என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது வாகனத்தின் சொந்த எடை கூடுகிறது. அதே அளவு ஏற்றக்கூடிய சுமை குறைகிறது. எனவே ஒரே வரிசையில் விலை கூடிய ட்ரக், விலை குறைந்ததை விடக் குறைவாகச் சுமப்பது வழமை.

சரியான எண்ணை அறிவது எளிது. சாரதியின் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தின் ஓரத்தில் டயர் மற்றும் சுமை பற்றிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை அதில் இறாத்தலிலும் கிலோவிலும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் அந்த ஒரு வாகனத்துக்கே உரியது. விற்பனையாளரின் கையேட்டை விட இந்தச் சீட்டே நம்பத்தக்கது.

இழுதிறன் என்ற மயக்கம்

விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுவது ஏற்றுதிறன் அல்ல, இழுதிறன். 11,000 இறாத்தல், 13,000 இறாத்தல் என்ற எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் அவை ஓரிருவர் மட்டும் பயணம் செய்யும், சுமை ஏதும் இல்லாத வாகனத்தை வைத்துக் கணிக்கப்படுபவை.

ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இணைப்புக் கொக்கியின் வழியாக ட்ரக்கின் மீதே இறங்குகிறது. இந்த எடையும் ஏற்றுதிறனில் இருந்து கழிக்கப்பட வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

மேலே கூறப்பட்ட ஸ்கார்பரோ தொழில்முனைவோரின் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கதவோரச் சீட்டில் இருந்த எண் 1,450 இறாத்தல். சாரதி உட்பட நால்வர், ஒருவருக்கு 180 இறாத்தல் வீதம் 720. கருவிகள் 300. மீதம் 430 இறாத்தல். அவர் இணைத்தது 5,000 இறாத்தல் ட்ரெய்லர். அதில் 12 சதவீதம் 600 இறாத்தல். எனவே அவருடைய வாகனம் எல்லையை 170 இறாத்தலால் தாண்டியிருந்தது. விளம்பரம் கூறிய இழுதிறனில் பாதியைக்கூட எட்டுவதற்கு முன்னரே இது நிகழ்ந்துவிட்டது.

அளவுக்கு மிஞ்சிய சுமையால் நிறுத்தும் தூரம் கூடும், டயர் சூடேறும், முன்சில்லுகளின் பிடி தளரும். நெடுஞ்சாலையில் திடீரெனத் தடை போட வேண்டிய கணத்தில்தான் இதன் விலை தெரியவரும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் வழக்கறிஞர்களும் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வாகனம் எவ்வளவு சுமையுடன் சென்றது என்பது.

சட்ட எல்லையும் உண்டு. ஒன்ராறியோவில் சாதாரண 'ஜி' வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர் இழுக்கக்கூடிய ட்ரெய்லரின் எடை 4,600 கிலோவுக்கு உட்பட்டது. இது ஏறத்தாழ 10,140 இறாத்தல். ஆகவே 13,000 இறாத்தல் இழுக்கும் வாகனத்துக்குப் பணம் கொடுப்பவர், அதனை முழுமையாகப் பயன்படுத்த வேறு வகுப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டியிருக்கும். தொழிலுக்குப் பயன்படும் ட்ரக்கின் மொத்த எடை 4,500 கிலோவைத் தாண்டினால் வணிக வாகன இயக்குநர் பதிவும் ஆண்டுப் பரிசோதனையும் தேவைப்படும். முக்கால் தொன், ஒரு தொன் ட்ரக் வாங்குபவர்கள் இதனை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கேபினா, பெட்டியா?

சுமை தெரிந்த பின்னர் வடிவத்தைத் தெரிவு செய்யலாம். ட்ரக்கின் நீளத்தைக் கேபினும் பெட்டியும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரு கதவு கொண்ட தனிக் கேபின் எட்டு அடிப் பெட்டியுடன் வரும். நான்கு கதவு கொண்ட பெரிய கேபின் பெரும்பாலும் ஐந்தரை அடி அல்லது ஆறரை அடிப் பெட்டியுடன் வரும்.

முழு அளவு ட்ரக்கில் பின்சில்லுகளின் மேடுகளுக்கு இடையே நான்கு அடிக்குச் சற்று அதிகமான இடைவெளி உண்டு. நான்கடி அகலப் பலகை தட்டையாகப் படுக்கும். நடுத்தர அளவு ட்ரக்குகள் பலவற்றில் அந்த மேடுகளுக்கு மேலேதான் பலகையை வைக்க வேண்டியிருக்கும். நாள்தோறும் பலகை ஏற்றுபவருக்கு இது பெரிய வேறுபாடு. தோட்ட வேலை செய்பவருக்கோ வர்ணம் பூசுபவருக்கோ இது ஒரு பொருட்டே அல்ல.

நான்கு கதவு கொண்ட எஃப்-150 ஒன்று குட்டைப் பெட்டியுடனேயே ஏறத்தாழ 5.9 மீற்றர் நீளமானது. ரொறன்ரோ நகரின் கட்டட விதிகள் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குக் கோரும் குறைந்தபட்ச நீளம் 5.6 மீற்றர் மட்டுமே. அடுக்குமாடியில் வசிப்பவர்கள் அளவுநாடாவுடன் தமது தரிப்பிடத்துக்குச் சென்று நீளத்தையும் உயரத்தையும் அளந்துவிட்டுப் பின்னர் வாகனம் பார்க்கச் செல்வதே முறை.

கேபின் தெரிவு வருமான வரியையும் பாதிக்கிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. கனடிய வருவாய் முகவரகத்தின் விதிகளின்படி, மூன்று பேர் வரை அமரக்கூடிய பிக்கப், வாங்கிய ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நேரம் பொருட்களையோ கருவிகளையோ ஏற்றப் பயன்பட்டால் அது தொழில் வாகனமாகக் கொள்ளப்படும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் இருந்தால், வருமானம் ஈட்டும் பணிக்காகப் பொருட்களையோ ஆட்களையோ ஏற்றும் பாவனை 90 சதவீதமாவது இருக்க வேண்டும். தொலைதூர வேலைத்தளங்களுக்குத் தனி விதி உண்டு. இந்த நிபந்தனையை நிறைவு செய்யாத வாகனம் பயணிகள் வாகனமாகிவிடும். 2025 இல் அத்தகைய வாகனம் ஒன்றை வாங்கியவர், வரிக்கு முந்திய விலையில் 38,000 டொலர் வரை மட்டுமே தேய்மானக் கணக்கில் சேர்க்கலாம். 70,000 டொலர் கொடுத்து வாங்கிய நான்கு கதவு ட்ரக்கில் வார இறுதியில் பிள்ளைகளைக் கோயிலுக்கும் விளையாட்டுக்கும் அழைத்துச் செல்பவர், பயணக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதிக் கணக்காளரிடம் காட்டுவது அவசியம்.

எரிபொருள், பனி, மின்சாரம்

பெற்றோல் எஞ்சினே பெரும்பாலானோருக்குப் போதுமானது. டீசல் எஞ்சின் பாரமான ட்ரெய்லரை நீண்ட தூரம் இழுப்பவர்களுக்கு ஏற்றது. அதன் விலையும் பராமரிப்புச் செலவும் அதிகம். குளிர்காலத்தில் குறுந்தூரம் ஓடி நிறுத்தப்படும் டீசல் வாகனத்தின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

சுமை குறைவானவர்களுக்குச் சிறு பிக்கப்புகள் மீண்டும் கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன. 2021 இல் அறிமுகமான ஃபோர்ட் மாவரிக், அமெரிக்காவில் 20,000 டொலருக்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலையுடன் வந்தது. பின்னர் அதன் விலை கணிசமாக உயர்ந்துவிட்டது. ஆயினும் ஏறத்தாழ 1,500 இறாத்தல் ஏற்றுதிறனும் கலப்பின எஞ்சினும் கொண்ட இந்தச் சிறிய வாகனம், ஸ்கார்பரோ தொழில்முனைவோரின் பெரிய ட்ரக்குக்குச் சற்றும் குறையாத சுமையை ஏற்றக்கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் குறைபாடு நான்கரை அடிப் பெட்டியும், 4,000 இறாத்தலுக்கு மேற்படாத இழுதிறனும் ஆகும்.

எரிபொருள் கணக்கையும் பார்ப்போம். ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுபவர், நூறு கிலோமீற்றருக்கு 12.5 லீற்றர் எரிக்கும் ட்ரக்கில் 2,500 லீற்றர் செலவிடுவார். 6.5 லீற்றர் எரிக்கும் வாகனத்தில் 1,300 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,800 டொலர் வேறுபாடு. ஏழு ஆண்டுகளில் 12,600 டொலர்.

மின்சார ட்ரக்குகள் நகரத்துக்குள் ஓடுவதற்கும் வேலைத்தளத்தில் கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பதற்கும் சிறந்தவை. பாரமான ட்ரெய்லரை இழுத்தால் ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தூரம் பாதியளவாகக் குறைந்துவிடும். கடும் குளிரிலும் அது குறையும். 2022 இல் விற்பனைக்கு வந்த எஃப்-150 லைட்னிங் மின்சார ட்ரக்கின் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்ட் 2025 டிசம்பரில் அறிவித்தது. மின்சாரமும் பெற்றோலும் இணைந்த கலப்பின ட்ரக் இடைவழியாக அமையலாம். எஃப்-150 இன் கலப்பின வடிவம் 7.2 கிலோவாட் வரை மின்சாரம் வழங்கக்கூடியது. வேலைத்தளத்துக்கு மின்பிறப்பாக்கி கொண்டுசெல்பவர்களுக்கு அது ஒரு வேலையை மிச்சப்படுத்தும்.

பனிக்காலத்தைப் பொறுத்தவரை, பின்சில்லுகள் மட்டும் இயங்கும் ட்ரக்கின் வெறும் பெட்டியில் எடை இல்லாததால் வழுக்கும் இயல்பு அதிகம். நான்கு சில்லுகளும் இயங்கும் வசதி புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. நிற்பதற்கு உதவுவது பனிக்கால டயர்களே.

வாரத்துக்கு 275 டொலர்

பலருடைய தெரிவைப் பிழையாக்குவது பணம் பற்றிய பேச்சுத்தான். விற்பனையாளர் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு செலுத்த முடியும் என்பது. அந்தக் கேள்விக்கு விடை கூறியதும் மொத்த விலை உரையாடலில் இருந்து மறைந்துவிடுகிறது.

70,000 டொலர் விலையுள்ள ட்ரக் ஒன்றை ஒன்ராறியோவில் வாங்கினால், 13 சதவீத வரியுடன் 79,100 டொலர். முற்பணம் இல்லாமல் 7 சதவீத வட்டியில் 84 மாதங்களுக்குக் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 1,194 டொலர். இதனையே வாரத்துக்கு 275 டொலர் என்று விளம்பரம் செய்யலாம். ஆனால் ஏழு ஆண்டு முடிவில் செலுத்தியிருக்கும் தொகை ஏறத்தாழ 100,300 டொலர். அதில் வட்டி மட்டும் 21,000 டொலருக்கு மேல். அதே கடனை 60 மாதங்களில் கட்டினால் தவணை 1,566 டொலராக உயரும். வட்டி 15,000 டொலருக்குள் அடங்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து இடையில் இருக்கிறது. 84 மாதக் கடனில் இரண்டு ஆண்டுகள் தவறாமல் கட்டிய பின்னரும் 60,000 டொலருக்கு மேல் நிலுவை நிற்கும். வேலை குறைந்து வாகனத்தை விற்க நேர்ந்தால், சந்தை விலை நிலுவையை விடக் குறைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்தப் பற்றாக்குறையை அடுத்த வாகனத்தின் கடனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் ஆறுதல் கூறுவார். அதனை ஏற்றுக்கொண்டவர்கள், இல்லாத வாகனத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுகின்றனர்.

பயன்படுத்திய ட்ரக் வாங்குவது நல்ல மாற்றாகலாம். மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிய ட்ரக் முதல் ஆண்டுகளின் விலை வீழ்ச்சியைக் கடந்திருக்கும். ஆனால் வீதியில் உப்புத் தூவும் மாகாணங்களில் வர்ணத்தின் பளபளப்பைப் பார்ப்பதை விட வாகனத்தின் அடிச்சட்டத்தைப் பார்ப்பது முக்கியம். வாகனத்தை உயர்த்தி அடிப்பகுதியைப் பரிசோதிக்கும்படி உங்களுக்குப் பழக்கமான திருத்துநர் ஒருவரிடம் கேளுங்கள். பின்கொக்கியின் தேய்மானம், முந்தைய உரிமையாளர் எவ்வளவு இழுத்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

காப்புறுதி எடுக்கும்போது தொழிலுக்குப் பயன்படுத்துவதை மறைப்பது வேண்டாம். தனிப்பட்ட பாவனை என்று எழுதி மாதத்துக்குச் சில டொலர்களை மிச்சப்படுத்தியவர், விபத்தின் பின்னர் இழப்பீடு மறுக்கப்படும் நிலைக்கு ஆளாகலாம். கனடாவில் அதிகம் திருடப்படும் வாகனங்களின் பட்டியல்களில் பிக்கப்புகள் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதால், களவுக் காப்புறுதியின் விலையையும் வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

வரிச் சூழல் நிலையற்றது என்பதையும் மறக்கக்கூடாது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வாகனங்கள் மீது 25 சதவீத மேலதிக வரியை விதித்ததும், கனடா பதில் நடவடிக்கை எடுத்தது. எங்கே தயாரிக்கப்பட்ட ட்ரக் என்பது அன்று முதல் விலையோடு நேரடியாகத் தொடர்புபட்ட கேள்வியாகிவிட்டது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாகனங்கள் வேறானவை. கணக்கு மட்டும் மாறுவதில்லை.

பிரித்தானியாவில் ஒரு தொன் அல்லது அதற்கு மேல் ஏற்றக்கூடிய இரட்டைக் கேபின் பிக்கப்புகள், நிறுவன வாகன வரியைப் பொறுத்தவரை நீண்ட காலம் வான்களாகக் கருதப்பட்டன. குடும்ப வாகனமாகவும் அதனைப் பயன்படுத்தியவர்களுக்கு இது பெரும் சலுகையாக இருந்தது. 2025 ஏப்ரல் முதல் புதிதாகப் பெறப்படும் இரட்டைக் கேபின் பிக்கப்புகள் பெரும்பாலும் கார்களாகவே கொள்ளப்படுகின்றன. பழைய ஆலோசனையை நம்பி வாங்குபவர்கள் ஏமாற்றமடைவர். ஆயினும் பெறுமதி சேர் வரியைப் பொறுத்தவரை ஒரு தொன் அளவுகோல் தொடர்கிறது.

அவுஸ்திரேலியாவில் 2016 முதல் 2022 வரை மிக அதிகமாக விற்பனையான வாகனம் ஹைலக்ஸ். 2023 இலும் 2024 இலும் அந்த இடத்தை ஃபோர்ட் ரேஞ்சர் பிடித்தது. இந்த வகை வாகனங்கள் 3.5 தொன் இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஆனால் வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி எல்லை உண்டு. 3.5 தொன் இழுக்கும்போது வாகனத்தில் ஏற்றக்கூடிய சுமை பலவற்றில் வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்கார்பரோவில் செய்த அதே கழித்தலை மெல்பேர்னிலும் செய்யத்தான் வேண்டும்.

பிக்கப் தேவைதானா?

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. மின்னிணைப்பு, குழாய் வேலை, வர்ணப்பூச்சு, துப்புரவு போன்ற தொழில்களில் ஈடுபடுபவர்களுக்கு மூடிய வான் பல வேளைகளில் பிக்கப்பை விடப் பொருத்தமானது. கருவிகள் மழையிலும் பனியிலும் நனையாது. பூட்டி வைக்கலாம். பிக்கப்பின் சிறப்பு மண், கல், மரக்கிளை, கட்டட இடிபாடு போன்ற அழுக்கும் பருமனும் கொண்ட பொருட்களை ஏற்றுவதிலும், ட்ரெய்லர் இழுப்பதிலுமே உள்ளது.

வாங்குபவருக்கு வெளியே இருப்பவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடியின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வாகனங்கள் பாதசாரியை மோதும்போது, தாழ்ந்து சரிவான முன்பகுதி கொண்ட வாகனங்களை விட உயிரிழப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். பாடசாலைகள் நிறைந்த குடியிருப்புப் பகுதிகளில் வசிப்பவர்கள், தேவைக்கு மேற்பட்ட உயரமுள்ள வாகனத்தை வாங்குமுன் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆக, வாகனம் பார்க்கச் செல்லும்போது கையில் இருக்க வேண்டியவை மூன்று: வாராந்தச் சுமையின் எடை எழுதிய தாள், தரிப்பிடத்தின் அளவு, கடனின் மொத்தத் தொகையைக் கணக்கிட ஒரு கணிப்பான். அங்கே சென்றதும் முதலில் திறக்க வேண்டியது சாரதியின் கதவு. அமர்ந்து பார்ப்பதற்கு முன்னர் கதவோரச் சீட்டைப் படியுங்கள்.

ஸ்கார்பரோ தொழில்முனைவோர் தமது ட்ரக்கை நான்காம் ஆண்டில் கைமாற்றினார். இப்போது அவரிடம் இருப்பது எட்டு அடிப் பெட்டி கொண்ட, இரு கதவு மட்டுமுள்ள பழைய ட்ரக். வேலையாட்கள் தனியான சிறு காரில் வருகின்றனர். முதல் வாகனத்தை விற்ற விலைக்கும் அதன் கடன் நிலுவைக்கும் இடையிலான தொகையை அவர் இன்னமும் வங்கிக்குக் கட்டிவருகிறார்.